நாலு தோள்

செவந்தி மூன்று பானைகளையும் நிரப்பி வாசல் நிழலில் வைத்த பிறகுதான் எதிர்வீட்டு உண்ணாமலை பார்த்தாள்.

“அடி ஆத்தி! என்ன காரியம்டி பண்ணிட்ட? எழவு வீட்டுத் தண்ணிய எவன் வாயில வைப்பான்? கொட்டுடி!”

அப்போதுதான் செவந்திக்கு உறைத்தது. உள்ளே புருஷன் கண்ணுசாமி கிடந்தார். விடியற்காலை போன உயிர். பாழாய்ப்போன கை, பழக்கத்தில் குடத்தைத் தூக்கிவிட்டது.

எல்லாம் ரங்கூன் பழக்கம். வழிப்போக்கருக்கென்று அங்கே வாசலுக்கு வாசல் பானை இருக்கும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மலை வழியே நடந்து வந்தபோது, யாரோ வைத்த அந்த மாதிரிப் பானைகள்தான் இருவரையும் பிழைக்க வைத்தன. பெற்ற மகனைத்தான் வழியில் புதைத்துவிட்டு வந்தார்கள். புதுக்கோட்டையில் குடியேறியதும், தச்சரான கண்ணுசாமி வாசலில் நாலு கால் நட்டு, சின்னதாய்ப் பலகைக் கூரை போட்டு, பச்சை வர்ணம் அடித்துப் பானை வைத்தார். “புறாக்கூடா?” என்று தெரு சிரித்தது. சிரித்த தெருவில் இரண்டே வருஷத்தில் பதினோரு பச்சைக் கூரைகள், அத்தனையும் அவர் கைவேலை. சந்தை வண்டிகள்கூட சுற்று வழியென்று பாராமல் இப்படியே வந்தன.

ஆனால் பாடைக்கு நாலு தோள் வேண்டுமே! பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை. பர்மாக்காரர் என்ன சாதியென்று இன்றைக்கும் குசுகுசுக்கிற தெரு. அந்த நினைப்பில் செவந்திக்கு அழக்கூட வரவில்லை.

அவள் பானையைச் சாய்க்கப் போனபோது, வண்டிக்கார வீரய்யா இறங்கி வந்து மொண்டு குடித்தார்.

“ஐயோ அண்ணே, எழவு வீடு...”

“தெனம் குடிக்கிற தண்ணிதானே தாயி. தூக்கறதுக்கு யாரு யாரு வாராக?”

“யாருமில்லண்ணே.”

“நல்லாச் சொன்ன போ! நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?” என்று தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

வீரய்யா சந்தைவரை போய்ச் சேதி சொல்லிவர, மத்தியானம் பாடை கிளம்பியது. பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். அதற்குமேல் செவந்தி அவரைப் பார்க்க முடியாது. கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிற குட்டித் தெரு.

பத்தடி போவதற்குள் ஆள் மாறினார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிற இன்னாசி விலக, அரிசிக்கடை அபுபக்கர் தோள் கொடுத்தார்.

“விடுப்பா, நானும் கொஞ்சம் தூக்குறேன்!” என்று பின்னால் ஒரே சச்சரவு.

“நல்லா இருங்கய்யா! எல்லாரும் நல்லா இருங்க!” என்று செவந்தி வாய்விட்டு அழுதாள்.

சங்கு ஊதுகிறவனை வீரய்யா அதட்டினார். “மெதுவாப் போடா! இன்னும் ஆளு பாக்கி இருக்கு.”

உண்ணாமலையின் புருஷன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாடையை நோக்கி வேகமாக நடந்தார்.