மணலில் புதையாத சில்லு

காத்தான்குடியில் பிள்ளைச் சாமான் கடைக்குள் நுழைந்த கனகசிங்கம் முதலில் செய்த காரியம், பிள்ளை வண்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு அதன் சில்லைச் சுண்டிவிட்டதுதான். சில்லு கிறுகிறுவென்று சுற்றியது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பெருவிரலால் அமத்திப் பார்த்தார். தோணி வாங்கப் போனால் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிற மனிதர் அவர். பிள்ளை வண்டில் வாங்குவதற்கு வேறு வழி அவருக்குத் தெரியாது. கடைக்கார நஸீர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணன், இது லொறி இல்ல. பச்சப் புள்ள இரிக்கிற சாமான்."

நிலத்தில் இரண்டு வண்டில்கள் நின்றன. ஒன்று சின்னது. ஒரு கையால் மடித்தால் பள்ளிக்கூடப் பை அளவுக்குச் சுருங்கிவிடும், தோளில் மாட்டிக்கொண்டு விமானத்துக்குள்ளேயே ஏறலாம். லண்டனிலிருந்து பிள்ளையின் தகப்பன் சிவதர்ஷன் சொன்னது இதைத்தான். வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருந்தான். மற்றது பெரியது. மூன்று சில்லு, மூன்றும் காற்றடிக்கிற தடித்த ரப்பர். மடித்தாலும் ஓர் ஆள் குந்தியிருக்கிற இடத்தைப் பிடிக்கும்.

"பிளேன்ல போறதுக்கெண்டா இதான் சரி," நஸீர் சின்னதைத் தூக்கிக் காட்டினார். "ஒரு கையில புள்ள, மத்தக் கையில வண்டில்."

"ஆரையம்பதி மணல்ல இது ஓடுமா?"

"மணல்ல என்னத்துக்கு ஓடணும்? எயார்போட்டுல மணலா கிடக்கு?"

கனகசிங்கம் சின்ன வண்டிலின் சில்லுகளை மறுபடியும் பார்த்தார். பிஸ்கட் அளவு. அவருடைய ஆரையம்பதி வீட்டுக்கும் வாவிக்கரைக்கும் நடுவில் இருக்கிற ஒழுங்கையில் கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கும். அந்த மணலில் இந்தச் சில்லு இரண்டு முழம்கூட நகராது.

விமானம் ஏறப்போகிற பிள்ளை, அவருடைய தங்கச்சி வதனியின் பிள்ளை. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தித் திருவிழா நடந்த கிழமையில் பிறந்தவள். பதிவில் ஏதோ நாகரிகமான பெயர் இருக்கிறது, கனகசிங்கத்தின் வாயில் அது நுழையாது. அவருக்கு அவள் கண்ணகை. பிள்ளைக்குக் கழுத்து நிற்க முன்னமே வதனி காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் சிவதர்ஷன் அப்போதுதான் லண்டனுக்கு வேலைக்குப் போயிருந்தான். செத்த வீட்டுக்கு ஓடி வந்தான், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான், லீவு முடிந்ததும் கனகசிங்கத்தின் மனைவி கேதீஸ்வரியின் மடியில் கிடத்திவிட்டுப் போனான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. மாமன் வீடு இருக்கிறது, மாமிக்கும் பிள்ளை குட்டி இல்லை, பிறகென்ன என்றுதான் ஊர் பேசியது. இப்போது அவன் அங்கே இரண்டாம் கலியாணம் செய்திருந்தான். பிள்ளைக்கு விசாவும் வந்துவிட்டது.

"மாசக் கடைசியில வாறன் மச்சான்," என்று போனில் சொன்னான். "தனிய இவளக் கொண்டு போகணும். எயார்போட்டெல்லாம் சரியான நடை. இவ இறங்காம ஆக்கள்ட இடுப்பிலயே இரிக்கிறா. ஒரு வண்டில் வாங்கி, நான் வாறதுக்கிடையில கொஞ்சம் பழக்கி வையுங்க."

நியாயமாகத்தான் கேட்டான். அவன் நியாயமில்லாத ஆளாக இருந்திருந்தால் கனகசிங்கத்துக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். வாய்விட்டு ஏசியாவது தீர்த்திருக்கலாம்.

மட்டக்களப்புப் பக்கத்தில் பிள்ளைக்குக் குடி என்கிற வம்சம் தாய்வழி. கோயிலில் என்ன குடி என்று கேட்டால் கண்ணகை வதனியின் குடியைத்தான் சொல்லவேண்டும். அதுதான் கனகசிங்கத்தின் குடி. கேதீஸ்வரி வேறு குடி. அவள் சீதனமாகக் கொண்டுவந்த வீட்டில் இருபது வருசமாக அவர் அந்தக் குடிக்கு ஒற்றை ஆளாகத்தான் இருந்தார். இப்போது அவரோடு சேர்த்து எண்ணுவதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே உயிர் இந்தச் சின்னப் பிள்ளை. ஆனால் விசா கொடுக்கிறவர்கள் குடியைக் கேட்பதில்லை. தகப்பன் பெயரைக் கேட்கிறார்கள்.

"பெரியதக் கட்டுங்க," என்றார் நஸீரிடம்.

பழக்குவதென்றால் தள்ளவேண்டும், தள்ளுவதென்றால் மணலில் ஓடவேண்டும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எங்கே நிற்கிறது என்று சொல்கிற மனிதருக்குத் தன் அடிமனதில் கிடந்தது தெரியவில்லை. இந்த ஊர் மணலுக்கென்று ஒரு வண்டில் வாங்கிவிட்டால் பிள்ளை இந்த ஊரிலேயே நின்றுவிடும் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

கேதீஸ்வரிக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

"இது பிளேனுக்குள்ள போகாதே."

"பழக்கத்தானே கா. மறுகா அவர் வரக்குள்ள வேற ஒண்டு பாத்துக்கலாம்."

அவள் வண்டிலின் கைப்பிடியைத் தடவினாள்.  அவளுக்கும் அந்த வண்டிலைத்தான் பிடித்திருந்தது.

பழக்குவது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. கண்ணகை வண்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள், சில்லைத் தொட்டாள், பிடித்திழுத்தாள். தூக்கி உள்ளே வைத்தால் மட்டும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள். கேதீஸ்வரி பாட்டுப் பாடினாள், இடியப்பத்தில் சீனி தூவி ஊட்டினாள், பொம்மையை முதலில் இருத்திக் காட்டினாள். பொம்மை சந்தோசமாக இருந்தது. பிள்ளை மாமனின் காலைக் கட்டிக்கொண்டு, "மாமா, தூக்கு" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஒரு நாள் காலை வலையை இறக்கிவிட்டு வந்த கனகசிங்கம், துவாயைச் சுற்றிக்கொண்டு உடுத்திருந்த சாரனைக் கழற்றி, கழுவுவதற்கென்று வண்டிலின் மேல் எறிந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது பிள்ளை வண்டிலுக்குள் இருந்தாள். தானாக ஏறியிருந்தாள். சாரனின் ஒரு முனையை மூக்கோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். வாவிச் சேறு, இறால், வியர்வை, பீடி எல்லாம் சேர்ந்து நாறுகிற சாரன். கேதீஸ்வரி அதைத் தனி வாளியில்தான் போடுவாள். பிள்ளை பிறந்ததிலிருந்து தோளில் படுத்து மணந்தது அந்த நாற்றத்தைத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. சாரன் விரித்தால் ஏறுவாள். பின்னேரங்களில் கனகசிங்கம் அவளை வாவிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெரிய சில்லு மணலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மீன் எடுக்க வருகிற கச்சி முகம்மது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன சிங்கம், புதுக் கார் இறக்கிட்டீங்க போல. ஹோன் எங்க?" என்று கேட்டார். கனகசிங்கத்துக்கு வாயெல்லாம் பல். திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டாள். பிள்ளை கூட இருந்தும் தோளில் பாரம் இல்லாமல் அந்த ஒழுங்கையில் அவர் நடப்பது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் இல்லாமல் தூங்குவதற்கு அவரே அவளைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"பழகிட்டா," என்றார் வீட்டுக்கு வந்து.

"ஓம், பழக்கிட்டீங்க," என்றாள் கேதீஸ்வரி. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் வெகுநேரம் வராமல் இருந்தாள்.

சிவதர்ஷன் வருவதற்கு முதல் நாள் அவள் சாரனை இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாள். லண்டனில் இருந்து வருகிற மனிசன், வீடு மீன் நாற்றம் அடித்தால் வெட்கம் என்றாள். பெரிய வண்டிலையும் பின்பக்கக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டாள். வெட்கத்துக்காகத்தான் செய்தாளா, வேறு எதற்காகவாவதா என்று கனகசிங்கம் கேட்கவில்லை.

பெரிய வண்டில் சரிவராது என்று கேள்விப்பட்டு, சிவதர்ஷன் சின்ன வண்டில் ஒன்றைத் தானே கொண்டு வந்திருந்தான். விரிப்பதற்கு இரண்டு விநாடி, மடிப்பதற்கு இரண்டு விநாடி. பிள்ளைக்குச் செய்து காட்டினான். அவள் மாமியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். மூன்றாம் நாள் அவன் கையால் விசுக்கோத்து வாங்கித் தின்றாள். நாலாம் நாள் அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வண்டிலில் இருத்தினால் பழைய கதைதான். ஊர் கூடுகிற அளவுக்குக் கத்தினாள், மூச்சுப் பிடித்து நீலம் பாரித்தாள். தோய்த்த சாரனைக் கேதீஸ்வரி ஒரு தடவை விரித்தாள். பிள்ளை அதை மணந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள்.

கனகசிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தோய்க்காத சாரன்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சிவதர்ஷன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். ஒரு வாய் வைக்கவில்லை.

"மச்சான், இவ்வளவு தூரம் இவள இப்படிக் கத்த விட்டுக் கொண்டு போக ஏலாது. பாவம். நான் டிக்கட்ட மாத்திட்டுத் தனியப் போகட்டா? அடுத்த வருசம் பாப்பம். கொஞ்சம் வளர்ந்திருவா."

கேதீஸ்வரியின் கை கறிச்சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அவள் புருசனைப் பார்த்தாள். வாயைத் திறக்காதீர்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவரிடம் இப்படி ஒன்றையும் கேட்டதில்லை.

"யோசிச்சுச் செய்வம் தம்பி," என்றார் கனகசிங்கம்.

அடுத்த வருசம். அவருக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. அடுத்த வருசம் குளிர்த்திக்கும் பிள்ளை இங்கே நிற்பாள். அதற்குள் என்னவும் நடக்கலாம்; அங்கே அவர்களுக்கு ஒரு பிள்ளை கிடைக்கலாம், இவளை மறந்தும் போகலாம். இப்படியெல்லாம் நினைக்கிற ஆளா நான் என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நினைத்தார்.

சாப்பிட்டு முடிந்து வீடு அடங்கியது. விறாந்தையில் பாயில் சிவதர்ஷன் கண்ணயர்ந்திருந்தான். சற்றுத் தள்ளிப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த கனகசிங்கம் செம்போடு நின்றுவிட்டார். இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் இடது கால் வலது காலுக்கு மேலே ஏறி, பெருவிரல் மட்டும் கொஞ்சம் விலகி நின்றது. பிள்ளை அப்படித் தூங்குவதை இரண்டு வருசமாகப் பார்த்திருக்கிறார். அது வதனியுடையது என்றே நினைத்திருந்தார். இப்போது யோசித்தால், வதனி எந்த நாளும் சுருண்டுதான் படுப்பாள்.

குடி தாயுடையது. கால் தகப்பனுடையது. செம்பை வைத்துவிட்டு அவர் வெளியே போனார். பின்னேரம் வரை கொட்டிலுக்குள் வலை பொத்துகிற சாக்கில் இருந்தார். வலையில் எங்கும் பொத்தல் இருக்கவில்லை.

பயணத்தன்று விடியப்புறம் தோய்த்த அந்தச் சாரனை உடுத்திக்கொண்டு தோணிக்குப் போனார். "இண்டைக்குமா?" என்று கேதீஸ்வரி கேட்டாள். வலை எடுக்காமல் போகிறார் என்பதை அதற்குப் பிறகுதான் கண்டாள். வெறுந்தோணியைக் கம்பூன்றித் தள்ளிக்கொண்டு வாவியின் நடுவரைக்கும் போனார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார், சேற்றை மிதித்தார், ஏறினார். வெயில் ஏறும்வரை சும்மா தள்ளிக்கொண்டே திரிந்தார். சாரன் உடம்பிலேயே காய்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு ஒரு மணமும் தெரியவில்லை. தன்னுடைய நாற்றம் தனக்கு எப்படித் தெரியும்?

வீட்டு வாசலில் வான் வந்து நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. சின்ன வண்டில் விரித்தபடி முற்றத்தில் நின்றது. கடைசியாக ஒரு தடவை முயன்று பார்ப்போம், ஏறாவிட்டால் தனியே போகிறேன் என்று சிவதர்ஷன் சொல்லியிருந்தான். பிள்ளை கேதீஸ்வரியின் இடுப்பில் ஏறி, கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். கனகசிங்கம் உள்ளே போய்த் துவாயைக் கட்டிக்கொண்டு சாரனோடு வந்தார். அதை மடித்து வண்டிலுக்குள் விரித்தார், ஒரு முனையை வெளியே விட்டார்.

"கண்ணகை, இஞ்ச வா மனே."

பிள்ளை இறங்கி நடந்து வந்தாள். சாரனின் முனையைப் பிடித்தாள். மூக்கில் வைத்தாள். ஏறி இருந்தாள்.

கேதீஸ்வரி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். சிவதர்ஷன் ஒருமுறை வண்டிலையும் ஒருமுறை துவாயோடு நின்ற மச்சானையும் பார்த்தான். அவனுக்கு விளங்கியதா, எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. குனிந்து கனகசிங்கத்தின் கையைப் பிடித்தான்.

"அத எடுத்துப் போடாதீங்க தம்பி," என்றார் கனகசிங்கம். "தோய்க்கவும் வேணாம். நாத்தமெண்டு அங்க ஆக்கள் சொல்லுவாங்க. சொன்னாச் சொல்லட்டும்."

வண்டிலோடு சேர்த்துத்தான் பிள்ளையை வானுக்குள் தூக்கி வைத்தார்கள். வான் ஒழுங்கை முனையில் திரும்பியபோது அவள் அழவில்லை. கை காட்டவும் இல்லை. மாமன் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைச் சாரனுக்குள் புதைத்துக் கண்ணை மூடிவிட்டாள். அவள் அழுதிருந்தால் கனகசிங்கத்துக்குத் தாங்கியிருக்காது. அழாமல் போனதைத் தாங்குவது எப்படியென்றும் அவருக்குத் தெரியவில்லை.

புழுதி அடங்கும்வரை இருவரும் நின்றார்கள். கேதீஸ்வரிதான் முதலில் பேசினாள். அதில் கோபம் இல்லை.

"எத்தினை நாளைக்கு மணக்கும்?"

கனகசிங்கம் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். போனவர் குளிக்காமல் திரும்பி வந்தார்.

அடுத்த நாள் காலை கொட்டிலுக்குள் பெரிய வண்டில் வழியை மறித்துக்கொண்டு நின்றது. நகர்த்தி வைக்க இடம் பார்த்தார், இல்லை. கடைசியில் வலையைத் தூக்கி அதற்குள் போட்டார். ஈய மணிகள் கட்டிய பாரமான வலை, இருக்கை நிறைந்து வெளியே வழிந்தது. ஒரு முனையை உள்ளே எடுத்து, சில்லில் சிக்காமல் ஒதுக்கிவிட்டார். பிறகு வழக்கம்போலப் பையப் பைய, குலுக்காமல் வாவிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கச்சி முகம்மது எதிரில் வந்தார், மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி வழி விட்டார். அவ்வளவு பாரத்துக்கும் சில்லு மணலில் கொஞ்சமும் புதையவில்லை.