மூன்றாவது போதும்

அகப்பை ஒன்று பானையைக் கேட்டதாம்: "நான் இத்தனை அன்பாக நிரப்புகிறேன், நீ ஏன் விளிம்பு வழிய அழுகிறாய்?" பானை சொன்னதாம்: "அழவில்லை. போதும் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு வாயை இவ்வளவு பெரிதாக வைத்தவர்கள் காது வைக்க மறந்துவிட்டார்கள்." அகப்பைக்கு அதுவும் காதில் விழவில்லை. இன்னொரு முறை முகந்து ஊற்றியது.

மலையின் வீட்டில் இந்தக் கதையை யாரும் சொல்லத் தேவையில்லை. மூன்று வேளையும் அது நடந்துகொண்டிருந்தது. அங்கே சாப்பாட்டில் முதல் "போதும்" மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுதான் வயிற்றுக்கு. முதல் போதுமிலேயே பரிமாறுவதை நிறுத்திவிட்ட ஒரு மாப்பிள்ளையை அந்தக் குடும்பம் இன்றுவரை கஞ்சன் என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

மலை என்பது அவனுடைய பட்டப்பெயர். இரும்புத் தகடுகளை அடுக்கிவைத்த பெரிய கிடங்கொன்றில் அவன் கிரேன் ஓட்டினான். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. அதன் அடியில் கூண்டுபோலத் தொங்கும் கண்ணாடி அறையில்தான் அவன் உட்காரவேண்டும். கீழே நின்று, தூக்கு, இறக்கு, நகர்த்து, நிறுத்து என்று கையால் காட்டுகிறவனைச் சைகை என்று அழைத்தார்கள். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன்தான் கண். கை விரித்து "நிறுத்து" என்று காட்டினால், காட்டியவன் யாராயிருந்தாலும் சரி, முதல் தடவையிலேயே நிறுத்தவேண்டும். "உங்க வீட்டுப் பந்தி இல்லடா இது. கொக்கிக்கு ரெண்டாவது போதும் கிடையாது" என்று சைகை அடிக்கடி மலையைச் சீண்டுவான்.

கூண்டில் இருக்கைக்கு முன்னால், காலடியில், கண்ணாடிச் சதுரம் ஒன்று பதித்திருந்தது. நேர்கீழே பார்ப்பதற்காக வைத்தது. மலை அதைப் பார்த்ததே இல்லை. அவனுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் அவனுடைய வயிறு இருந்தது. யாராவது கேட்டால், "எனக்கெதுக்கு அது? என் கண்ணு ரெண்டும் கீழ நின்னு பீடி குடிச்சிட்டிருக்கு" என்பான்.

ஒருநாள் ஏணியில் ஏறும்போது, விழாமலிருக்க ஏணியைச் சுற்றி அடித்திருந்த இரும்பு வளையத்துக்குள் மலை சிக்கிக்கொண்டான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கிடங்கே கூடிவிட்டது. "எண்ணெய் கொண்டாங்க" என்றான் ஒருவன். "அவனுக்கா, ஏணிக்கா?" என்றான் இன்னொருவன். சைகை மட்டும் சிரிக்கவில்லை. ஏறிவந்து, நண்பனின் காலைத் தன் தோளில் தாங்கி, அங்குலம் அங்குலமாக இறக்கினான். மேற்பார்வையாளர் எல்லோரும் போனபின் மலையைத் தனியே அழைத்தார். "உன் கை வேலைக்கு நான் குறை சொல்லமாட்டேன்பா. ஆனா இந்த உடம்போட இனிமே உன்னை மேல அனுப்ப முடியாது" என்றார்.

அந்தக் கூண்டைத் தவிர மலைக்கு வேறு உலகம் தெரியாது. வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அவன் சம்மதித்தது அதற்காகத்தான்.

சிகிச்சைக்குப் பிறகு வீட்டின் இலக்கணமே மாறிற்று. மனைவி அகன்ற தட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டியையும் ஊறுகாய்க் கிண்ணத்தையும் அவன் முன் வைத்தாள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. முட்டையோ பருப்போ முதலில், சோறு இடமிருந்தால். இனிப்பு என்ற பேச்சே கூடாது; அது சுருங்கிய வயிற்றில் தங்காமல் நேரே குடலில் இறங்கி, ஆளையே உலுக்கிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது போதும்வரை காத்திருந்து பழகியவனுக்கு இப்போது முதல் போதுமே தாமதமாயிருந்தது. ஒரு வாய் கூடினாலும் நெஞ்சுக்குள் கல் உட்கார்ந்துகொண்டது.

தலைமுடி சீப்போடு வந்தது. நல்ல வெயிலிலும் உடம்பு குளிர்ந்தது. நாக்கும் நிலைமாறியிருந்தது, பால் ஒருநாள் தித்தித்தது, ஒருநாள் இரும்பாகக் கசந்தது. ஆனால் ஏணி வளையத்துக்குள் உடம்பு வழுக்கிக்கொண்டு ஏறியது. மலை திரும்பவும் மேலே போனான்.

முன்பெல்லாம் மதியத்தில் இறங்கிவந்து சைகையோடு ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவான். ஒருவன் பாத்திரத்தில் மற்றவன் கை இருக்கும். இப்போது இருமுறை ஏணி ஏறத் தெம்பில்லை. மனைவி கரைத்துக்கொடுக்கும் சர்க்கரையில்லாத சத்துமாவுப் பாலை மேலேயே மிடறு மிடறாகக் குடித்துவிடுவான். ஏணியில் இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆகையால் பால் குடுவை காலையில் சைகையின் பெட்டிக்குள் போகும். மதியம் சைகை அதை, கூண்டிலிருந்து கயிற்றில் இறக்கிய வாளியில் வைத்து மேல்நோக்கி விரலைச் சுழற்றுவான். மலை கயிற்றை இழுத்துக்கொள்வான். பிறகு சைகை ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோவான். "சாப்பிட்டியா?" என்று அர்த்தம். மலை கட்டைவிரலை உயர்த்துவான். சைகை தனியாகப் பலகையில் போய் உட்காருவான்.

அப்படி ஒரு மதியம், குடுவை காலியான கொஞ்ச நேரத்தில், மலைக்கு நெஞ்சு படபடத்தது. உடம்பெல்லாம் வியர்த்து, கைகள் நடுங்கி, கண்முன் கூரை மிதந்தது. கொக்கியில் தகடுக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ அதை இறக்கிவிட்டுத் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டான். அடுத்த வாரமும் அதேபோல் ஆயிற்று. இம்முறை கட்டு ஊசலாடித் தூணில் மோதியது. கிடங்கே அதிர்ந்தது. மேற்பார்வையாளர் அவனை இறக்கி, திருகாணிகள் எடுத்துக்கொடுக்கும் சாமான் அறையில் உட்காரவைத்தார்.

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கயோ இனிப்பு உள்ள போகுதுங்க" என்றார்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நான் திட்டமாட்டேன். எல்லாருக்கும் ஆசை வரும். சொன்னாத்தானே சரிபண்ண முடியும்?"

"சாப்பிடாததை எப்படிம்மா சொல்றது?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கடுமையில்லை, நம்பிக்கையும் இல்லை. மனைவியும் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை, துவைக்கப் போகும் சட்டையின் பையை அவள் உள்வெளியாகத் திருப்பி முகர்ந்துபார்ப்பதை மலை கண்டான்.

"என்ன தேடுற? மிட்டாய்க் காகிதமா?"

"ஏங்க, இருந்தா சொல்லிடுங்களேன். பயமா இருக்கு."

மறுநாள் சாமான் அறை வாசலில் மலை இதைச் சொல்லிப் புலம்பியபோது, சைகை பீடியின் சாம்பலைத் தட்டினான். பிறகு, "வீட்டுலயே ஏதாவது கலக்குறாங்களோ என்னமோ. பொம்பள மனசு, புருஷன் இளைச்சா தாங்காது" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் மலைக்குள் இறங்கி வேலைசெய்தது. அன்றே வீட்டில் குடுவையைத் தரையில் வைத்து, "இதுல என்ன கலக்குற? உண்மையச் சொல்லு" என்று கேட்டான். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். மாவு டப்பாவையும் பால் பாத்திரத்தையும் அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே நீங்களே கரைச்சுக்குங்க" என்றாள். அதன்பிறகு அவள் அவனோடு பேசியதெல்லாம், கதவைச் சாத்துங்க, விளக்கை அணைங்க என்கிற அளவுக்குத்தான்.

சாமான் அறையில் இருந்தவரை மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தானே கரைத்தான், தானே குடித்தான், தெம்பாக இருந்தான். தான் கரைக்க ஆரம்பித்ததும் உடம்பு நேரானதால், குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மேற்பார்வையாளர் அவனை மறுபடி மேலே அனுப்பினார். "இதுதான் கடைசி. இன்னொரு தடவை கட்டு ஆடுச்சுன்னா, ஓய்வு வாங்குறவரைக்கும் உனக்குத் திருகாணிதான்" என்றார்.

மேலே போன முதல் நாள் மதியம் வாளி வரத் தாமதமாயிற்று. கயிறு அசையவில்லை. மலை எப்போதும்போல் முன்கண்ணாடி வழியே எட்டிப்பார்த்தான், சைகை தென்படவில்லை. அலுத்துப்போய்த் தலையைத் தாழ்த்தினான்.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு சதுர வெளிச்சம் இருந்தது.

காலடிக் கண்ணாடி. வயிறு போய்விட்ட இடத்தில் அது அத்தனை நாளும் காத்திருந்திருக்கிறது; பார்க்கும் பழக்கம்தான் அவனுக்கு இல்லை. ஆசையோடு குனிந்து பார்த்தான். நேர்கீழே, தன் பெட்டியின் மறைவில், சைகை குந்தியிருந்தான். உச்சந்தலையில் வழுக்கை விழுந்திருப்பது இத்தனை வருடப் பழக்கத்தில் இப்போதுதான் தெரிந்தது. மலைக்குச் சிரிப்பு வந்தது.

சைகை குடுவையைத் திறந்தான். சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். வெயிலில் வேலைசெய்கிறவர்கள் தண்ணீரில் கலந்து குடிக்கும் குளுக்கோஸ் மாவு. கிடங்கில் எல்லோரிடமும் இருக்கும். ஒரு கரண்டி போட்டான். சற்று யோசித்து, இன்னொரு கரண்டியைப் பொட்டலத்துக்கே திருப்பிக் கொட்டினான். மூடிக் குலுக்கினான். குடுவையின் வாயைச் சட்டை நுனியால் துடைத்தான். தாய் துடைப்பதுபோல அவ்வளவு பதமாக. பிறகு எழுந்து வெளியே வந்து, முகம் நிறையச் சிரித்து, விரலை மேல்நோக்கிச் சுழற்றினான்.

மலை கயிற்றை இழுத்தான். கை இழுத்தது, மனம் கீழேயே நின்றுவிட்டது. ஐந்து விரல் குவிந்து வாய்க்குப் போயிற்று. சாப்பிட்டியா? மலை கட்டைவிரலை உயர்த்தினான். குடுவையைத் திறக்கவே இல்லை.

வேலை முடிந்து இறங்கியதும் அதைச் சைகையின் முன்னால் நீட்டினான்.

"குடி."

"எனக்கெதுக்குடா உன் மாவுத் தண்ணி?"

"ஒரு கரண்டிதானே போட்ட? குடி. உனக்கு ஒண்ணும் ஆகாது."

சைகை ஓரடி பின்வாங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். "மேலேருந்து எப்படிடா..."

"எனக்கும் இப்பக் கீழ தெரியுது."

சைகை குடுவையை வாங்கித் தன் பெட்டிமேல் வைத்தான். "நீ கரைஞ்சுகிட்டே போனடா. கன்னம் ஒட்டி, முடி கொட்டி, பிணம் மாதிரி ஏணி ஏறுற. மாவுத் தண்ணியக் குடிச்சு எவனாவது கிரேன் ஓட்டுவானா? தெம்புக்குத்தான் போட்டேன்."

"முதல் தடவை தெம்புக்கு. சரி. கட்டு தூண்ல மோதுச்சே, அப்பத் தெரியலயா?"

"தெரிஞ்சுது." குரல் உள்ளே போயிற்று. "அதான் இன்னிக்குக் குறைச்சுட்டேன். பாதிதான் போட்டேன்."

"அந்தக் கட்டு விழுந்திருந்தா அடியில நின்னது யாருடா?"

"நான்தான்."

"சரி, உன்னை விடு. என் பொண்டாட்டி கலக்குறான்னு சொன்னியே, அது எந்தத் தெம்புக்கு?"

சைகை பீடியைத் தேடினான், கிடைத்தும் பற்றவைக்கவில்லை. "அந்தப் பலகையில தனியா உட்கார்ந்து சாப்பிட முடியலடா" என்று மட்டும் சொன்னான். "எங்கிட்ட கேக்காம நீ பாட்டுக்குப் போய் வயித்த அறுத்துட்டு வந்துட்ட."

மலைக்குக் கோபம் வரும் என்றிருந்தது. வரவில்லை. ஏணியில் சிக்கிய அன்று தன் காலைத் தாங்கிய தோளைப் பார்த்தான். அதே தோள்தான். இனி அதன்மேல் காலை வைக்க முடியாது என்ற நினைப்புதான் வந்தது.

வீட்டில் மனைவி கிண்ணத்தையும் சின்னக் கரண்டியையும் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் நடந்ததைச் சொன்னான். "மன்னிச்சிரு" என்றான். அவள் முட்டையை நசுக்கிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிருன்னு சொல்றேன்ல" என்றான். அவள் கரண்டியை நிறுத்தவில்லை. மூன்றாவது தடவை, அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இப்பத்தான் சரி" என்றாள் அவள். "முதல் ரெண்டும் உங்க வீட்டு வழக்கப்படி மரியாதைக்கும் கூச்சத்துக்கும்." சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

மேற்பார்வையாளரிடம் மலை எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சைகையின் வேலை போகும். சொல்லாததைச் சைகை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான் போலும். மறுநாள் காலையில் வழக்கம்போல் குடுவைக்காகக் கை நீட்டினான். மலை அவனைத் தாண்டிப்போய், தன் கையாலேயே குடுவையை வாளியில் வைத்து மூடிக் கட்டினான். மேலே ஏறி இழுத்துக்கொண்டான்.

முற்பகல் முழுக்க வேலை ஓடிற்று. சைகை காட்டிய இடத்தில் மலை இறக்கினான். ஆனால் ஒவ்வொரு முறையும், இறக்குவதற்கு முன்னால், முழங்கால்களுக்கு நடுவே ஒருதடவை குனிந்து பார்த்துக்கொண்டான்.

மதியம் வந்தது. கீழே பலகையருகில் நின்று சைகை அண்ணாந்து பார்த்தான். ஐந்து விரலைக் குவித்து, தயங்கித் தயங்கி, வாய்க்குக் கொண்டுபோனான்.

இதற்கு மலை எத்தனையோ முறை கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறான். இன்று முன்கண்ணாடிக்கு நேராகக் கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, அகல விரித்துக் காட்டினான். கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த சைகை அது. நிறுத்து.

போதும் என்றும் படிக்கலாம். அதற்கு முன்னால் "ஒரு" சேர்த்து, ஒருபோதும் இல்லை என்றும் படிக்கலாம். கீழே நின்றவன் எப்படிப் படித்தானோ தெரியாது.

வாய்க்குப் போன கையை முதல் தடவையிலேயே இறக்கிவிட்டான்.