வாண்டர்வால் வீட்டுப் பெண்

டச்சுக்காரன் ரத்தம் என்று நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. குடும்பத்தோடு பிழைக்க வந்த வளைகுடா ஊரான குதைபியாவில் ஏசி ரிப்பேருக்குப் போகிற வீடுகளில்கூட "பர்னபாஸ் வாண்டர்வால்" என்று முழுப்பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைவேன். அந்தத் திமிரில்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் ஆல்டோ என்கிற பையனைத் துரத்தினேன். லாஞ்சுப் படகில் மீன்பிடிக்கிறவன். நர்ஸாக இருக்கிற என் மகள் சுபிஷாவைக் கட்டித்தரச் சொல்லி வீட்டுக்கே வந்து கேட்டான்.

"வலை இழுக்கிறவனுக்கு வாண்டர்வால் வீட்டுப் பொண்ணு கேக்குதோல?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு சுபிஷா எந்த வரனுக்கும் தலையாட்டவில்லை. கேட்டால், "டியூட்டி இருக்கு டாடி."

போன வாரம் சொந்த ஊரான தூத்துக்குடியின் பழைய டச்சுக் கோயிலிலிருந்து எங்கள் மூதாதையின் ஞானஸ்நானப் பதிவேட்டின் படம் வந்தது. சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டு, ஆறு மாதம் நச்சரித்து வாங்கினேன். டச்சில் இருந்ததை ஆள்வைத்துத் தமிழிலும் எழுதி அனுப்பியிருந்தார்கள். என் மனைவி லீமா உரக்க வாசித்தாள்.

"வருசம் 1774. பிள்ளை, ஹென்ரிக். தகப்பன், மிக்கேல், மீன்பிடிக்கிறவர். ஞானத்தகப்பன், ஹென்ரிக் வாண்டர்வால்." நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கு போங்க! டச்சுக்காரன் சாட்சிக்கு நின்னவன்தானா? அந்த ஆல்டோ பையன என்ன பேச்சுப் பேசுனீங்க!"

ஞானத்தகப்பன் பேரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். பர்னபாஸ் என்பதே என் ஞானத்தகப்பன் பேர். அந்தக் காலத்தில் பேரோடு குடும்பப் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இது தெரியாத மடையனா நான்? தெரிந்துகொள்ள மனசில்லை. பாவி, பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டேன்.

டியூட்டி முடிந்து சுபிஷா வந்ததும் காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"தப்பு என்மேலதாம்மா. நான் போய் ஆல்டோ கால்ல வேணாலும் விழுதேன். பேசட்டுமா?"

"அவனுக்குப் போன வருசமே கல்யாணம் ஆயிட்டு டாடி. உங்ககிட்ட யார் சொல்லுவா?" காகிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தாள். "அவன் வைஃப் எங்க வார்டு நர்ஸ்தான். வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய்."

வெள்ளிக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சடங்கு முடிந்ததும் எழுந்து முன்னால் போனேன்; சாமியார் கையெழுத்துக்காகப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். தாய் என்ற இடத்தில் வேறொருத்தி பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ஞானத்தாய் என்ற இடத்தில், என் மகள் கையெழுத்துப் போட்டாள்.