எது பொய் வெடிப்பு?

காலையிலிருந்து தங்கை முள்ளின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுவாள், ஜன்னல் வரை போவாள், வெளியே நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை முறைத்துப் பார்ப்பாள், திரும்ப வந்து உட்காருவாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பொல்லாத வழக்கம். வானத்திலிருந்து கண் இமைப்பதற்குள் வந்து மறையும் ரேடியோ வெடிப்புகளைத்தான் அங்கே தேடுவார்கள். தேடுகிறவர்கள் தூங்கி வழிகிறார்களா என்று பார்க்க, மாதம் ஒரு பொய் வெடிப்பைக் கணினிக்குள் ரகசியமாக நுழைத்துவிடுவார்கள். நுழைப்பவள் இவளுடைய சொந்த அக்கா. ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினாலும் இந்த விஷயத்தில் மட்டும் மூச்சு விட மாட்டாள், அப்படி ஓர் அழுத்தக்காரி.

இந்த மாதம் சிக்கியவை இரண்டு. ஒன்று, நட்சத்திரங்கள் புதிதாகப் பிறக்கும் வாயு மண்டலத்திலிருந்து வந்தது. சமீபத்தில் வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம் அசுரக் காந்தமாகி இப்படிக் கத்துகிறது என்பதுதான் தங்கையின் இத்தனை வருட ஆராய்ச்சி. அதற்கு இந்த வெடிப்பு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது. இன்னொன்று கிழட்டு நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வந்தது. அங்கே அப்படி எதுவும் வெடித்துச் செத்துப் பல கோடி வருடங்கள் ஆகிவிட்டன. அது நிஜமென்றால் அவளுடைய ஆய்வேட்டில் மண்.

எது பொய் என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"சாடையாவது காட்டேன்க்கா."

"போடி. வேலையைப் பாரு."

பார்த்தாள். வாயுவைக் கடந்து வரும் வெடிப்பின் ரேடியோ அலை, வால் முளைத்த மாதிரி கலங்கி இழுபடும். கிழட்டுக் கூட்டத்து வெடிப்பில், வழியில் பட்ட இழுவை லேசாகத் தெரிந்தது. அத்தனை வாயுவுக்குள்ளிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட அவளுடைய செல்ல வெடிப்போ துளியும் கலங்காமல், துடைத்துவைத்த பாத்திரமாக இருந்தது. பிடித்துப்போன ஒரே காரணத்துக்காக அதை அவள் சோதித்தே பார்க்கவில்லை. மற்றதைத்தான் இத்தனை நாளும் சல்லடை போட்டுச் சலித்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிழட்டுக் கூட்டத்து வெடிப்புதான் பொய் என்று சொல்லிவிட மனசு இழுத்தது. ஆனாலும் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"அந்த வாயு மண்டலத்து வெடிப்புதான்க்கா பொய்."

அக்கா கணினியில் பூட்டிவைத்திருந்த பதிலைத் திறந்து காட்டினாள். "சரியா சொல்லிட்டே." குரலில் சந்தோஷமே இல்லை. "உனக்குப் பிடிச்ச மாதிரியேதான் வச்சேன்டி. அப்படி வச்சாத்தானே சோதனை?"

தங்கைக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜன்னல் வரை போனாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்போ அந்தக் கிழடு எப்படிக்கா கத்துது?"

"எனக்கென்ன தெரியும்? அதை நான் வைக்கலையே."