கூண்டில் விரித்த நீலத் தூள்

ஒன்பது கோழிகளை மூன்று வாரம் பார்த்துக்கொள்வது ஒரு வேலையா என்றுதான் கோதண்டபாணி நினைத்தார். மனைவி பாக்யலட்சுமிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்ததும் நேராகக் காட்பாடியில் தங்கச்சி வீடு. உடம்பு தேறிய பிறகுதான் ஆம்பூர். கிளம்பும்போது அவள் தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கோழிங்கள பத்திரமா பாத்துக்கய்யா. அடில ஈரம் நிக்கக்கூடாது. ரைஸ் மில்லுல உமி வாங்கியாந்து மாத்திக்கினே இரு. ஒண்ணு கொறஞ்சாலும் மனசு தாங்காது எனக்கு."

"போய்ட்டு வா. ஒம்போதும் இருக்கும்," என்றார் அவர்.

அந்தக் கோழிகள் மேல் அவருக்கு உள்ளூர ஒரு பொறாமை உண்டு. ஐம்பது வயது மனுஷனுக்குக் கோழி மேல் பொறாமையா என்று சிரிக்கலாம். ஆனால் இருபத்தி ரெண்டு வருஷமாகத் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைச் சீவும் சேவிங் மிஷினில் நின்றுவிட்டு வீடு திரும்புகிறவரை பாக்யலட்சுமி ஒரு நாளும் நேராக உள்ளே விட்டதில்லை. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே குரல் வந்துவிடும்: "குளிச்சிட்டு வா." கொல்லைக் குழாயடியில் குளியல், சட்டைக்குத் தனி வாளி. வேலைச் சட்டையோடு கூண்டுப் பக்கம் போய்விட்டாலோ கத்தித் தீர்த்துவிடுவாள். ஒரு பொங்கலுக்குத் தம்பி குடும்பம் வந்திருந்தபோது அத்தனை பேர் எதிரிலும் அப்படித்தான் நிறுத்தினாள். அன்றைக்கு அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். சோறு போடுகிற தொழிலின் நாற்றம் அவளுக்கு ஆகவில்லை, கோழிக்கு இருக்கிற மரியாதைகூடத் தனக்கு இல்லை என்று அன்று மனசில் விழுந்தது ஆறவே இல்லை.

அவள் போன முதல் வாரம் அவர் குளிக்காமலே சாப்பிட்டார். வீம்புக்கென்றே வேலைச் சட்டையோடு கூண்டுக்குள் குனிந்து தண்ணீர் வைத்தார்.

இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. கூண்டின் தரை சொதசொதவென்று ஆகி, எச்சமும் சேறும் கோழிகளின் காலில் அப்பிக்கொண்டன. ராத்தங்க அவை ஏறி உட்காரும் மூங்கில் வழுக்கியதில் இரண்டு கோழிகள் ஈரத்திலேயே ஒடுங்கிக் கிடந்தன. அதைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. மூங்கிலைப் பிடுங்கிவிட்டு, ஒரு பட்டைக் கட்டையின் ஓரங்களை இழைத்து, முட்டியளவு உயரத்தில் அடித்தார். பாதம் முழுக்கப் பதிய உட்கார வேண்டும் என்று பாக்யலட்சுமி எப்போதோ சொன்னது நினைவிருந்தது.

அடியில் விரிக்க உமிக்குப் போனால் மில் பூட்டிக் கிடந்தது. மறுநாள் மிஷினுக்குக் கீழே குவிந்திருந்த தூளைப் பார்த்தபோது இதற்கா இவ்வளவு பேஜார் என்று தோன்றியது. மருந்து ஏறி நீலமான தோலை மிஷின் சீவும்போது உதிர்வது அது. பஞ்சு மாதிரி இருக்கும். கொட்டின தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குப்பை அள்ளும் ஹஸனிடம் கேட்டார்.

"ஒரு மூட்ட எடுத்துக்கவா தோஸ்த்? கோழிக்கு."

"கோழிக்கா? எடுத்துக்கோ. இத யாரு கேக்கப்போறாங்க?"

வீட்டுக்குள்ளேயே உலர்த்திக் கூண்டு முழுக்க நாலு விரல் கனத்துக்குப் பரப்பினார். தரை சுத்தமாக இருந்தது, நாற்றம் கம்மி. கோழிகள் மெத்தை கண்ட சந்தோஷத்தில் கிளறித் தள்ளின. அன்று போனில், "உன் கோழிங்க ராணி மாதிரி இருக்குதுங்க," என்று பெருமையடித்துக்கொண்டார். எதைப் பரப்பினேன் என்று சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தார்.

ஐந்தாம் நாள் புள்ளிக்கோழி தீனி எடுக்கவில்லை. மறுநாள் செத்துக் கிடந்தது. மழைச் சீக்கு என்று நினைத்துப் புதைத்தார். அடுத்து ஒரு சிவப்பு. பாக்யலட்சுமி போனில் கேட்டபோது, "எல்லாம் நல்லா இருக்குது," என்றார்.

மூன்றாவதாகப் போனது கறுப்பி. அது பாக்யலட்சுமியின் மடியில் உட்காரும் கோழி. கழுத்துக்குக் கீழே தீனிப்பை கல்லு மாதிரி புடைத்திருந்தது. புதைக்கக் குழி தோண்டிய பிறகு அவருக்கு மனசு கேட்கவில்லை. கத்தியை எடுத்துவந்து தீனிப்பையைக் கீறினார். தானியம் ஒன்றுகூட இல்லை. எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஓர் உருண்டை, நீல நிறத்தில் இறுகிக் கிடந்தது.

அந்த நீலத்தை அவருக்குத் தெரியாதா? நகக்கண்ணில் இருபத்தி ரெண்டு வருஷமாகப் பார்க்கிற நீலம். அன்றைக்கே தூளை ஒரு பொட்டு விடாமல் வாரி மூட்டை கட்டினார். தரையை மூன்று தரம் கழுவினார். சைக்கிளை மிதித்து அடுத்த ஊர் மில்லிலிருந்து உமி கொண்டுவந்து, அடுப்புச் சாம்பல் கலந்து பரப்பினார். மிச்சமிருந்த ஆறும் பிழைத்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாக்யலட்சுமி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். கோழிகள் கட்டையில் ஏறி ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. அவள் விரல் விட்டு எண்ணினாள், பிறகு இன்னொரு தரம் எண்ணினாள்.

"கறுப்பி எங்க?"

பொய் சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. மூட்டை, மெத்தை, நீல உருண்டை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் பிளாஸ்டிக் சேரில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ மிஷின்ல ஏறன முத வருசம், உன் சட்டைய கூண்டு மேல காயப்போட்டேன். ஜோபியில இருந்த தூள குஞ்சுங்க கொத்திடுச்சி. நாலு செத்துச்சி. நானும் ஒண்ண அறுத்துப் பாத்தேன்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய வுட்டிருப்பியா? வுட்டிருந்தா அன்னிக்கு சின்னதா இருந்த ரெண்டு புள்ளைங்களுக்கு இன்னா போட்டிருப்பேன்? அந்தத் தூளு உன் மூக்குல, வாயில போவுது. காலைல நீ இருமறத தெனம் கேட்டுக்கினுதான் அடுப்பு பத்த வெக்கறேன். கோழிய கூண்டுல வெச்சி காப்பாத்தலாம்யா. உன்ன எந்தக் கூண்டுல வெக்கறது? கேட்டுலயே நிறுத்தி ஒடம்ப கழுவ வெச்சேன். என்னால ஆனது அவ்ளோதான்."

அவருக்குச் சாப்பிடாமல் படுத்த அந்தப் பொங்கல் நாள் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அழுகை முட்டியது. அவள் கூண்டைப் பார்த்துக்கொண்டே, "கட்ட நல்லா அடிச்சிருக்க," என்றாள்.

மறுநாளும் அவர் மிஷினில்தான் நின்றார். வேறு எங்கே போவார்? சாயங்காலம் கேட்டைத் திறந்தபோது பாக்யலட்சுமி அதே சேரில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவ்வளவு சொன்ன பிறகு இனி அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை போல.

அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று சட்டையைக் கழற்றினார்.

"குளிச்சிட்டு வர்றேன், பாக்யம்," என்றார்.