ரெண்டு பேரும் வந்தா எவ்வளவு?

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா எவ்வளவு ஆகும்?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, முத்திரை மை கொட்டிய விரல்களை நான் பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். இதே கேள்வியை அவர் கேட்பது முதல் தடவையல்ல. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்கள் நோட்டரி அலுவலகத்தில் அவருக்கு நான் 'கால்குலேட்டர்' என்று பெயர் வைத்திருந்தேன்.

நோட்டரி மேடத்துக்கு முத்திரை குத்தவும் முறைக்கவும்தான் நேரம் இருக்கும். கட்டணம் சொல்வது, சொன்னதற்காகத் திட்டு வாங்குவது இரண்டும் என் இலாகா. வருகிற எல்லோருக்கும் ஒரே நினைப்பு, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறோமாம். அதற்காக நான்கு பக்கத்துக்கு வரவேண்டிய சமாசாரத்தைப் பொடிப்பொடியாக எழுதி ஒரே தாளில் திணித்துக்கொண்டு வருவார்கள். "நீங்க ஒரு புத்தகமே எழுதிட்டு வாங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எத்தனை கையெழுத்துன்னுதான் கணக்கு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. எத்தனை பேர் மேடத்தின் முன்னால் கையெழுத்துப் போடுகிறார்களோ, அத்தனை கட்டணம். ஒரே பத்திரத்துக்கு இரண்டு பேர் சேர்ந்து வந்தால் இரண்டாவது ஆளுக்குப் பாதி. மேடம் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் போக்குவரத்துச் செலவு தனி. முத்திரை வைத்த நகல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி. அவ்வளவுதான். இதில் மண்டையைப் பிய்த்துக்கொள்ள என்ன இருக்கிறது?

எல்லோரும் கட்டணத்தைக் குறைக்க வழி கேட்பார்கள். கால்குலேட்டர் மட்டும் கூட்ட வழி கேட்டார். அவருடைய பத்திரம் ஒரு சம்மதக் கடிதம். மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார், அதற்கு அப்பா சம்மதிக்க வேண்டும். கணவன் மனைவி தனித்தனி வீடு. வழக்கு, வக்கீல் என்று எதுவும் இல்லை. சண்டை போட்டு அலுத்துப்போய் ஒருநாள் பெட்டியைத் தூக்கியதோடு சரி. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருவாளாம். கொண்டுவந்து விடுவது மைத்துனி. இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

"சார், இதுக்கு அப்பா கையெழுத்து ஒண்ணே போதும். வீணா எதுக்கு செலவு?"

"அவங்களும் போடலாம்ல? போடக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே?"

"சட்டமெல்லாம் இல்ல சார். தண்டச் செலவு."

"சேர்ந்து வந்தா ரெண்டாவது ஆளுக்குப் பாதின்னீங்க. அவங்ககிட்ட அதைத்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் போட்டாகணும், தனித்தனியா வந்தா ஆளுக்கு முழுசா கேப்பாங்க, ஒண்ணா வந்துட்டா லாபம்னு."

எனக்கு நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்துவிட்டது. அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அவளைப் பாத்து ரெண்டு வருஷம் ஆகுதும்மா. ஏர்போர்ட்டுக்கு வரட்டுமான்னு கேக்க எனக்கு வாய் வரல. இதுக்குன்னா கூப்பிடலாம்ல?"

கிண்டலை விழுங்கிக்கொண்டேன். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். டிவி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து உட்காருவார். என் பக்கத்தில் வந்து உட்கார அவர் ஒரு காரணமும் தேடியதில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அதை நினைத்து எனக்கு அழுகை வந்தது, பொறாமையும்தான். நல்லவேளை, கண்ணில் தூசி என்று சொல்லும் வயதில் இருக்கிறேன்.

மறுநாள் கால்குலேட்டரின் மனைவியே கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "இந்த லெட்டர்ல நானும் கையெழுத்துப் போட்டே ஆகணுமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மனிதரின் ஆசை நிறைவேறியிருக்கும். ஆனால் நாலு பேர் சொல்வது உண்மை என்று முத்திரை குத்துகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பொய் சொல்வது? "அப்பா கையெழுத்து போதும்மா" என்றேன். அந்த அம்மா "சரி" என்று வைத்துவிட்டார். போச்சு, அவர் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. அன்று முழுக்க யார் கட்டணம் கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

குறித்த நாளில் கால்குலேட்டர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். தேய்த்த சட்டை. தலைக்குச் சாயம் பூசியிருந்தார், காதோரம் கொஞ்சம் அப்பியிருந்தது. பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு, யார் உட்கார வந்தாலும் "ஆள் வருது" என்றார். அவர் முறை வந்தபோது "அவங்க போகட்டும்" என்று பின்னால் இருந்தவரை அனுப்பினார். அடுத்தவரையும் அனுப்பினார். அவங்க வரமாட்டாங்க சார், நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மேசையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, மூச்சு வாங்க ஒரு பெண் உள்ளே வந்தார். கால்குலேட்டர் நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டதைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. அந்த அம்மா உட்கார்ந்தார். இருவரும் எதிர்ச்சுவரில் தொங்கிய கட்டணப் பலகையை வரிவரியாகப் படித்தார்கள். அதில் இருப்பதே நாலு வரி.

கடைசியில் அவர்தான் பேசினார். "கண்ணாடி மாத்தவே இல்லையா? இது நான் போட்டுக் கொடுத்ததுதானே."

"நல்லாத்தான் இருக்கு."

"காலு ஆடுது பாரு. கொடு."

அந்த அம்மா கழற்றிக் கொடுத்தார். அவர் சட்டைப்பையிலிருந்து பொடி ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துத் திருக ஆரம்பித்தார். இரண்டு சுற்று போதும் அதற்கு. அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

மேடம் உள்ளே கூப்பிட்டார். கடிதத்தின் அடியில் இரண்டு பேருக்கும் கோடு போட்டு இடம் விட்டிருந்தார் மனிதர். மேடத்துக்கு மூடி மறைத்துப் பேசத் தெரியாது. "இதுல உங்க கையெழுத்து தேவையே இல்லையேம்மா. யார் உங்களை வரச் சொன்னது?" என்றார். கால்குலேட்டர் பேனாவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும் மேடம்" என்றார் அந்த அம்மா. "போன்ல கேட்டேன். தேவையில்லன்னு சொன்னாங்க."

அவர் நிமிர்ந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் அந்த அம்மா கண்களைச் சுருக்கி மேடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கால்குலேட்டர் கையெழுத்துப் போட்டார். தன் பெயரையே அன்றுதான் எழுதப் பழகுகிறவர் மாதிரி மெதுவாகப் போட்டார். மேடம் முத்திரை குத்தினார். இரண்டாவது கோடு வெறுமையாக இருந்தது.

"நகல் எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்" என்றார் அவர்.

எங்கள் நகல் இயந்திரம் ஒரு கிழம். சூடேறவே நேரம் எடுக்கும், தாளை ஒவ்வொன்றாகத்தான் துப்பும். அது இருக்கும் மூலையில் நாற்காலி கிடையாது. இருவரும் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தாள் வந்தது. முத்திரைக்காக எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"இன்னொண்ணு போடுங்க" என்றார் அந்த அம்மா.

"ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டணம்மா" என்று வழக்கம்போல் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தெரியும். போடுங்க."

கடிதத்தை மறுபடி கவிழ்த்து மூடியை இறக்கினேன். இயந்திரம் உறுமி யோசித்தது. மூடியின் ஓரத்தில் பச்சை வெளிச்சம் கசிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அந்த அம்மா அதைக் கேட்கவில்லை.