இருபத்தாறு டிகிரி

மீன் தொட்டி நீரின் வெப்பநிலை முப்பத்தொன்றைத் தொட்ட அன்று, அவள் மருந்துக்கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கொழுந்தனை அழைத்தாள். முந்தைய கோடையில் இதே முப்பத்தொன்றில்தான் அவளுடைய கடல்சாமந்தி, பாறையில் ஒட்டிப் பூப்போல் விரியும் கடல் விலங்கு, நிறமிழந்து காகிதம்போல் வெளுத்தது. பழைய பழுப்பு திரும்ப எட்டு மாதம் ஆயிற்று. நாணய அளவில் வாங்கி, ஒன்பது ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வளர்ந்த உயிர் அது. இன்னொரு முறை வெளுத்தால் மீளாது. குளிர்விக்கும் கருவி வந்துசேர ஆறு வாரம் ஆகுமென்று மீன் கடைக்காரர் கூறியிருந்தார்.

கொழுந்தன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தொழிலாலும் குணத்தாலும் அவனுக்கு ‘ஐஸ்’ என்று பெயர். விடுதி அறைகளில் வைக்கும் இடுப்புயர ஃபிரிட்ஜ் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள் ஒரு பெயிண்ட் வாளி, வாளி நிறைய நீர், நீருக்குள் முப்பது மீட்டர் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சுருள் சுருளாக. ஒரு சிறு பம்பு தள்ள, தொட்டி நீர் அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடிக் குளிர்ந்து திரும்பும். வாளி நீரோடு கலக்காது.

அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: செம்புக் குழாய் கூடாது. செம்பு மீனுக்கு மருந்து, எலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. மருந்துச் சீட்டைப் படித்துக்காட்டும் குரலில் இதை இரண்டு முறை சொன்னாள். செம்பைப் போலக் குளிரைக் கடத்த எதுவும் இல்லை என்று அவன் முனகினானே தவிர, சொன்னபடியே செய்தான்.

கணவர் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“நான் இங்க வெந்துக்கிட்டிருக்கேன், மீனுக்கு ஃபிரிட்ஜ் வருது. அடுத்த பிறவியில இந்தத் தொட்டியிலதான் பிறக்கணும்.”

“இடம் இருக்காதுண்ணே. உன் உடம்புக்குக் கடல்தான் சரி” என்றான் தம்பி.

கடைசியில் தெர்மோஸ்டாட்டை எடுத்தான். பழைய ஜன்னல் ஏசி ஒன்றிலிருந்து கழற்றியது. அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு, கறுப்பு உறை போர்த்திய மெல்லிய கம்பி போன்ற ஒன்று தொங்கியது. அதை ‘வால்’ என்றான். வால் எந்தச் சூட்டை உணர்கிறதோ, அதற்கேற்ப ஃபிரிட்ஜ் ஓடும், நிற்கும். அவன் அதைத் தொட்டியின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டப் போனான். அவள் தடுத்தாள். கண்ணாடியின் சூடு வேறு, நீரின் சூடு வேறு. அரை டிகிரியாவது பிசகும்.

“அரை டிகிரிக்கெல்லாம் யாரும் செத்துட மாட்டாங்க அண்ணி.”

“உள்ள போட்டா ஏதாவது ஆகுமா?”

“வாலுக்கு ஒண்ணும் ஆகாது.”

தொட்டியின் பின்புறத் தடுப்பில், நீரோட்டம் வேகமாக உள்ள இடம் பார்த்து, வாலைத் தன் கையாலேயே இறக்கினாள். மறுநாள் காலை வெப்பமானி இருபத்தாறு காட்டியது. அதற்கடுத்த நாளும் இருபத்தாறு. நோட்டுப் புத்தகத்தில் ஒரே எண் வரிசையாக இறங்குவதைக் கண்டு அவளுக்கு ஏற்பட்ட நிறைவைக் கணவர் கேலி செய்தார்.

ஐந்தாம் நாள் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து நழுவி விழுந்தது. நிமிர்த்திவைத்தாள். ஏழாம் நாள் மூன்று விழுந்தன, நிமிர்த்தியும் நகரவில்லை. தொட்டியில் இருந்த இறாலையும் காணவில்லை. ஒன்பதாம் நாள் கடல்சாமந்தி கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் எப்போதும்போல் அதைச் சுற்றி வந்தன. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. உப்பை அளந்தாள், அமோனியாவை அளந்தாள், எல்லாம் சரியாக இருந்தன. செம்பை மட்டும் அளக்கவில்லை. செம்பே இல்லை என்பதல்லவா நிபந்தனை.

மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எலும்பில்லாதவைதான் விழுகின்றன என்பது மாலையில், கடையில், யாருக்கோ மாத்திரை எண்ணும்போது உறைத்தது. எண்ணிக்கை தவறியது. மீண்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு விரைந்தாள்.

வாலை வெளியே இழுத்தாள். உறையின் நுனி பிளந்திருந்தது. உள்ளே பச்சைப் பூப்பு. நகத்தால் சுரண்டினாள், செம்பு சிவப்பாக மின்னியது. வால் கம்பியல்ல, மயிரிழைத் துளையுள்ள செம்புக் குழாய். செம்பைக் காட்டும் மருந்தின் நான்காம் சொட்டுக்கே சோதனைக் குப்பியில் நீர் நீலமாயிற்று.

தொலைபேசியில் கொழுந்தனிடம் சொன்னாள்.

“குழாய் போடாதீங்கன்னீங்க, போடல. அது குழாய்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணி. வால்னா வால்தான். இருபது வருஷமா அப்படித்தான்.”

“நீ வெளிய ஒட்டத்தான் பார்த்த. உள்ள போட்டது நான்.”

“இப்ப வந்து மாத்தட்டுமா?”

வேண்டாம் என்றாள். அவனைக் கடிந்துகொள்ள ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கடல்சாமந்தி பாறையை விட்டுவிட்டது. பந்துபோல் உருண்டு மிதந்ததை இரு கைகளாலும் ஏந்தி, புதிதாக உப்புக் கலந்த நீருள்ள வேறொரு வாளிக்கு மாற்றினாள். குளிர்விக்கும் குழாயின் இரு முனைகளையும் பம்போடு கழற்றி, உள்ளே நின்ற பழைய நீரை வடித்துவிட்டு, நல்ல நீரால் இரண்டு முறை அலசி, அந்த வாளிக்குள் விட்டாள். வால் இல்லாமல் ஃபிரிட்ஜ் தானாக நிற்காது. ஆகவே தெர்மோஸ்டாட்டை விலக்கி ஒயரை நேராக இணைக்கும் விதத்தை அவனிடம் கேட்டு முறுக்கினாள். இருபத்தாறரையில் போடுவது, இருபத்தாறில் நிறுத்துவது. வெப்பமானியோடு தரையில் உட்கார்ந்தாள்.

“நாளைக்குக் கடைக்குப் போவல்ல? அப்ப யாரு சுவிட்ச் போடுறது?” என்று கணவர் கேட்டார்.

அவர் விசிறியை வைத்துவிட்டு நாற்காலியை வாளிக்கு அருகே இழுத்துப் போட்டார்.

“எழுதி வச்சிட்டுப் போ. அரை டிகிரி தப்பினா என்னைக் கேளு.”

“அரை டிகிரி பரவாயில்ல” என்றாள்.

வாளிக்குள் கைவிட்டு, சுருங்கிக் கிடந்த ஓர் இழையைத் தொட்டாள். நலமாக உள்ள கடல்சாமந்தி விரலைப் பற்றும். பற்றவில்லை. கையை எடுக்காமல் காத்திருந்தாள். வெப்பமானி இருபத்தாறரையைக் காட்டியது. கணவர் எழுந்து சுவிட்சைப் போட்டார்.